வட்டமும் சதுரமும்: ஓவியர் அன்வர் ஜலால் ஷெம்ஸாவின் வாழ்வும் தேடலும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னாசியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க் குடியேறிய ஓவியர்கள் பலர். அவர்களில் ஒருவர் அன்வர் ஜலால் ஷெம்ஸா (1928 - 1985). அவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கட்டுரை எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை. உயிரோடு இருந்த காலத்தில், அவர் வாழ்ந்த ஊரிலேயே அவரை ஓவியர் என்று அறிந்தோர் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். பகலில் பாடசாலையில் சித்திரம் படிப்பித்து, மிச்ச நேரத்தில் வீட்டில் இருந்து வரைந்த மனுசன் அவர்.

நானும் படிப்பித்துச் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் அவர்மேல் ஓர் ஒட்டுதல் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரையை எழுத அது மட்டும் காரணமில்லை. அவருடைய வாழ்க்கைக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. அது எங்கட பிள்ளைகளுக்கும் உரிய கேள்வி. இஸ்லாமியக் கலை என்று ஒன்று உண்மையில் உண்டா? அல்லது தரையில் விரிக்கவும் சுவரை அலங்கரிக்கவும் உதவுகிற கைவேலையைத்தான் மரியாதைக்காகக் கலை என்று சொல்லிக்கொள்கிறோமா? ஷெம்ஸா இந்தக் கேள்வியை ஒரு விரிவுரை மண்டபத்தில், தன் நெஞ்சில் விழுந்த அடியாகச் சந்தித்தார். மீதி வாழ்நாளை அதற்குப் பதில் தேடுவதில் கழித்தார்.

சிம்லாவிலிருந்து லாகூருக்கு

ஷெம்ஸா பிறந்தது 1928 இல், அன்றைய பிரித்தானிய இந்தியாவின் மலைநகரமான சிம்லாவில். காஷ்மீர, பஞ்சாபி வேர்களைக் கொண்ட குடும்பம். லூதியானாவில் அவர்களுக்குக் கம்பள வியாபாரம் இருந்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் கம்பளம் பிறகு திரும்பவும் வரும்.

லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பாரசீகம், அரபு, மெய்யியல் படிக்கச் சேர்ந்தார். அதை விட்டுவிட்டு 1944 இல் மேயோ கலைப் பாடசாலைக்குப் போனார். இந்தப் பாடசாலையின் வரலாறும் நம் கதைக்கு வேண்டியதுதான். 1875 இல் ஆங்கிலேயர் அதைத் தொடங்கினர். முதல் அதிபர் ஜோன் லொக்வூட் கிப்ளிங். எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் தகப்பன். மரவேலை, உலோகவேலை, கட்டட அலங்காரம் போன்ற உள்நாட்டுக் கைத்தொழில்களை வளர்ப்பது அதன் முக்கிய நோக்கம். கைவினை இந்தியருக்கு, நுண்கலை ஐரோப்பியருக்கு என்று யாரும் அறிவித்துச் செய்யவில்லை என்றாலும், காலனித்துவ காலத்துக் கலைக்கல்வியின் அடியில் அப்படியொரு பிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாடசாலையில் படித்த இளைஞருக்குத்தான் பின்னாளில் இலண்டனில் அந்த அடி விழுந்தது.

அவர் படிப்பை முடித்த ஆண்டு 1947. பஞ்சாப் இரண்டாகப் பிளந்த ஆண்டு. சிம்லாவும் லூதியானாவும் எல்லைக்கு இந்தப் பக்கம் இந்தியாவில். லாகூர் அந்தப் பக்கம் பாகிஸ்தானில். பிறந்த மலைநகரமும் குடும்பம் தொழில் செய்த ஊரும் ஒரே வருடத்தில் வெளிநாடாகிப் போயின. ஆகவே ஷெம்ஸாவின் புலம்பெயர்வு இலண்டனுக்குப் போகக் கிளம்பிய நாளில் தொடங்கியதல்ல. அதற்கு ஒன்பது வருடங்களுக்கு முன்னரே, ஊர் தன்பாட்டில் அவரை விட்டுப் போய்விட்டது.

புதிய நாட்டில் அவர் சும்மா இருக்கவில்லை. லாகூரில் விளம்பர ஓவியக் கூடம் ஒன்றை நடத்தினார். பாடசாலையில் சித்திரம் படிப்பித்தார். சஞ்சிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தார். உர்தூவில் நாவல்களும் வானொலி நாடகங்களும் எழுதினார். 1952 அளவில் ஷாகிர் அலி, அலி இமாம், அஹ்மத் பர்வேஸ் முதலானோரோடு லாகூர் கலை வட்டத்தில் இணைந்தார். பாகிஸ்தானில் நவீன ஓவியத்தை முன்னெடுத்த குழு அது. இருபத்தெட்டு வயதில், லாகூரில், அவர் பெயர் தெரிந்த ஓவியர்; எழுத்தாளராகவும் அறியப்பட்டவர். இந்தப் பெருமையோடுதான் 1956 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஸ்லேட் கலைக் கல்லூரிக்கு மாணவராகப் போனார்.

அந்த மாலை

அங்கே நடந்ததை ஷெம்ஸாவே பின்னர் எழுதியிருக்கிறார். கலை வரலாற்று விரிவுரை வாரம் ஒருமுறை மாலையில் நடக்கும். விரிவுரையாளர் பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் கொம்பிரிச். அன்று அவர் தன்னுடைய நூலில் உள்ள இஸ்லாமியக் கலை பற்றிய பகுதிக்கு வந்தார். அந்தக் கலை பயன்பாட்டுக்குரியது என்ற கருத்தைச் சொன்னார். விரிவுரை முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போதே ஷெம்ஸா எழும்பி வெளியே வந்து ஒரு வாங்கில் உட்கார்ந்துவிட்டார். முடிந்து வெளியேறிய மற்ற மாணவர்களின் முகங்களைப் பார்த்தார். எந்த முகத்திலும் ஒரு சலனமும் இல்லை.

அன்றிரவு தான் வரைந்த ஓவியங்களை அழித்தார். கலை என்று சொல்லத்தக்கதாகத் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் அழித்ததாக எழுதுகிறார்.

ஏன் இத்தனை கோபம்? பேராசிரியர் அவருடைய மார்க்கத்தைத் திட்டவில்லை. அவருடைய படத்தைக் குறை சொல்லவுமில்லை. அவர் அப்படி ஒருவர் அந்த வாங்கில் இருக்கிறார் என்றுகூடப் பேராசிரியருக்குத் தெரிந்திருக்காது. அழகாக வரைந்த ஒரு வரைபடத்தில் உங்கட ஊரின் பெயர் மட்டும் இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? ஏசினால் திருப்பி ஏசலாம். இது அப்படியல்ல, பெரிய அறிஞர் ஒருவர் அமைதியாக, ஒரு வசனத்தில் கடந்து போய்விட்டார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கொம்பிரிச் சின்ன ஆள் இல்லை. 'கலையின் கதை' என்று பொருள்படும் தலைப்பில் 1950 இல் வெளியான அவருடைய நூல் கலை வரலாற்றை உலகெங்கும் சாதாரண வாசகரிடம் கொண்டுபோனது. அதில் இஸ்லாமியக் கலை இகழப்படவில்லை. அல்ஹம்ராவின் அலங்காரங்களைப் பாராட்டியே எழுதியிருக்கிறார். ஆனால் ஆயிரத்துச் சொச்சம் வருட இஸ்லாமிய உலகமும் சீனாவும் சேர்ந்து ஒரே ஓர் அத்தியாயத்துக்குள் அடங்குகின்றன. மிச்சக் கதையின் பெரும் பகுதி ஐரோப்பாவினுடையது. இன்னொன்றும் உண்டு. கொம்பிரிச்சும் புலம்பெயர்ந்தவரே. வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1936 இல் இலண்டன் வந்தவர். அன்று அந்த மண்டபத்தில் மேடையில் நின்றவரும் கீழே இருந்தவரும், இருவருமே சொந்த ஊரை இழந்து வந்தவர்கள். அகதியாக வந்தவருக்கு மற்ற அகதியின் மனம் தானாக விளங்கிவிடும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். அது அப்படி நடப்பதில்லை.

பயன்படும் பொருள் கலையாகாதா?

இஸ்லாமியக் கலை பயன்பாட்டுக்குரியது என்பது பொய் அல்ல. கிண்ணம் குடிக்க, கம்பளம் விரிக்க, மிஹ்ராப் தொழுகைத் திசை காட்ட, எழுத்தணி குர்ஆனை ஓத. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிப் பார்த்துவிட்டுப் போவதற்காகச் செய்தவை குறைவு. ஆனால் பயன்படுவதால் அது கலையில் ஒரு படி கீழே என்ற முடிவு எங்கிருந்து வந்தது? அது ஐரோப்பாவின் சில நூற்றாண்டுப் பழக்கத்திலிருந்து வந்தது. ஐரோப்பியத் தேவாலயச் சுவரில் உள்ள படமும் வணக்கத்துக்கு உதவவே வரையப்பட்டது. அதைப் 'பயன்பாட்டுப் பொருள்' என்று யாரும் ஒதுக்கவில்லை.

இலண்டனிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. விக்டோரியா அன்ட் அல்பர்ட் நூதனசாலையில் உள்ள அர்தபீல் கம்பளம். ஈரானின் அர்தபீல் நகரில் உள்ள ஷெய்கு ஸஃபியுத்தீன் அவர்களின் ஸியாரத்துக்காக நெய்யப்பட்டது. நீளம் பத்து மீற்றருக்கும் கூட. கம்பளத்தின் ஓர் ஓரத்தில் காஷானைச் சேர்ந்த மக்ஸூத் என்ற பெயரும் ஹிஜ்ரி 946 (கி.பி. 1539 - 40) என்ற ஆண்டும் நெய்யப்பட்டுள்ளன. தன் படைப்பின் கீழே பெயரும் ஆண்டும் இட்டவரை என்னவென்று சொல்வது? 1893 இல் நூதனசாலை அதை 2,000 பவுணுக்கு வாங்கியது. வாங்கச் சொல்லிப் பரிந்துரைத்தவர்களில் ஒருவர் ஆங்கிலக் கலைஞரும் கவிஞருமான வில்லியம் மொரிஸ். கம்பளம் வியாபாரப் பண்டம் மட்டுமல்ல என்பதை ஆங்கிலேயர் சிலரே அறிந்திருந்தார்கள். அந்த அறிவு கலை வரலாற்றுப் பாடத்துக்குள் முழுசாகப் போய்ச் சேரவில்லை.

எகிப்திய மண்டபத்தில்

படங்களை அழித்த ஷெம்ஸா, இலண்டனின் நூதனசாலைகளில் திரியத் தொடங்கினார். ஒரு நாள் பிரித்தானிய நூதனசாலையில் எகிப்தியப் பகுதிக்குள் நின்றபோது, இங்கிலாந்துக்கு வந்ததிலிருந்து முதன்முறையாகத் தன் வீட்டில் இருப்பதைப் போல உணர்ந்ததாக எழுதுகிறார்.

இந்த இடத்தை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பஞ்சாபியான ஒருவருக்கு எகிப்தில் என்ன வீடு? அதுவும் அந்தப் பொருள்கள் எல்லாம் எங்கிருந்தோ பெயர்த்துக் கொண்டுவந்து வைக்கப்பட்டவை. அவரைப் போலவே அவையும் அந்த நகரத்துக்குப் புதியவை. இது ஒரு விளக்கம். எனக்கு அதைவிடப் பொருத்தமாகத் தோன்றுவது வேறொன்று. பழைய எகிப்தில் எழுத்தும் படமும் ஒன்று. பறவையை வரைந்தால் அது படமும் ஆகும், எழுத்தும் ஆகும். எழுத்தாளராகவும் ஓவியராகவும் இரண்டாகப் பிரிந்து கிடந்த மனுசனுக்கு, இரண்டும் ஒன்றாக நிற்கும் சுவர் ஒன்றைக் கண்டபோது வீடு வந்துவிட்டது போல இருந்திருக்கும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எங்கட மொழியில் 'எழுதுதல்' என்ற சொல் வரைதலையும் குறிக்கும். ஓவியத்தையும் எழுதினார்கள், கண்ணுக்கு மையும் எழுதினார்கள். சங்க காலப் பெண்கள் தோளில் தொய்யில் எழுதினார்கள். சித்திரம் எழுதுதல் என்ற வழக்கு நிகண்டுகளுக்குள் முடங்கிப் போனதல்ல, ஊரில் வயசானவர்களின் வாயில் இன்னும் இருக்கிறது. எழுத்து வேறு, சித்திரம் வேறு என்று பாட நேரசூசி பிரித்து வைத்ததற்கு முன்னால் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் போதுமாக இருந்தது. அரபு எழுத்தணிக் கலையின் இரகசியமும் இதுவே. எழுத்தை எழுதும் கைதான் அங்கே வரைகிறது.

இனித் தொடங்குவதென்றால் முதலில் தான் யார் என்று தெரிய வேண்டும் என்ற முடிவுக்கு ஷெம்ஸா வந்தார்.

எழுத்தும் கம்பளமும்

இங்கே அவர் செய்யாமல் விட்டதையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற ஓவியர் ஊர் நினைவை வரைவதென்றால் என்ன வரைவார்? பஞ்சாபின் வயல், லாகூரின் கடைத்தெரு, முக்காடு போட்ட பெண், மினாரா. இவற்றை வாங்க இலண்டனில் ஆள்களும் இருந்திருப்பார்கள். ஷெம்ஸா அந்த வழியில் போகவில்லை. ஊரின் காட்சியை விட்டுவிட்டு, ஊரின் கைகள் காலங்காலமாக ஒரு பொருளை எப்படிக் கட்டியெழுப்பின என்று பார்த்தார். கம்பளம் எப்படிக் கட்டப்படுகிறது? சின்னச் சின்ன முடிச்சு. ஒரே அலகு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் சற்று மாறும். எழுத்தணி எப்படிக் கட்டப்படுகிறது? ஒரு நேர்கோடு, ஒரு வளைவு. அலிஃபும் நூனும் கலந்தால் மீதி எல்லாம் அதிலிருந்து பிறக்கும்.

இதற்கு அவர் எடுத்த கருவி வேடிக்கையானது. ஆங்கில நெடுங்கணக்கின் 'பி', 'டி' என்ற இரண்டு பேரெழுத்துகள். இரண்டிலும் ஒரு நேர்கோடும் அரைவட்டமும் உண்டு. அவற்றைத் திருப்பியும் கவிழ்த்தும் அடுக்கியும் பார்த்தால் வளைவு வாசல் தெரியும், குப்பா தெரியும், அரபு எழுத்தின் சாயலும் தெரியும். வந்து சேர்ந்த நாட்டின் எழுத்தை வைத்தே விட்டு வந்த நாட்டின் வடிவத்தைக் கட்டினார். 1958 இல் வரைந்த 'சுவர்', 1961 இன் 'நகர மதில்கள்' என்ற தலைப்புகளைக் கேட்கும்போது மதில் சூழ்ந்த பழைய லாகூர் நினைவுக்கு வரும். ஆனால் படத்தில் லாகூரின் ஒரு கட்டடத்தையும் பெயர் சொல்லிக் காட்ட முடியாது. கட்டங்களும் வளைவுகளும் நிறங்களும்தான் இருக்கும்.

இந்தத் தேடலில் அவருக்குத் துணை நின்ற ஐரோப்பியர் போல் கிளே. சுவிற்சர்லாந்தில் பிறந்த இந்த ஓவியர் 1914 இல் துனீசியாவுக்குப் போனவர். துனிஸ், ஹம்மாமெத், கைரவான் நகரங்களைப் பார்த்தார். நிறம் தன்னை ஆட்கொண்டுவிட்டது என்று கைரவானில் நாட்குறிப்பில் எழுதினார். அந்தப் பயணத்துக்குப் பிறகு அவருடைய படங்களில் நிறக் கட்டங்களும் எழுத்துப் போன்ற குறிகளும் பெருகின. கைரவான் என்பது உக்பா இப்னு நாஃபிஉ (ரஹ்) நிறுவிய நகரம். வட ஆபிரிக்காவின் மிகப் பழைய பெரிய பள்ளிவாசல்களில் ஒன்று அங்கே இருக்கிறது. ஆக, ஷெம்ஸா கிளேயிடம் பாடம் படித்தது ஐரோப்பாவிடம் கடன் வாங்கியதா? அவருடைய சொந்த வீட்டுச் சாமான் கைரவான் வழியாகச் சுற்றி இலண்டனில் திரும்பக் கிடைத்ததா? கலை வரலாற்றில் யார் யாருக்குக் கடன்காரர் என்ற கணக்கு இப்படித்தான் சிக்கலாகக் கிடக்கிறது. நவீனம் என்றால் மேற்கு, மரபு என்றால் கிழக்கு என்று எழுதும் கட்டுரையாளர்கள் இந்த ஒரு பயணத்தையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

போனதும் திரும்பியதும்

இலண்டனில் படிக்கும்போது ஷெம்ஸா மேரி என்ற ஆங்கிலப் பெண்ணைக் கலியாணம் முடித்தார். அவரும் ஓவியர். இலண்டனில் தனிக் கண்காட்சிகளும் நடந்தன. படிப்பு முடிந்து 1960 இல் குடும்பத்தோடு பாகிஸ்தானுக்குத் திரும்பினார். அங்கே கற்பித்துக்கொண்டு வாழலாம் என்பது எண்ணம். தகுந்த இடம் கிடைக்கவில்லை. கொஞ்சக் காலத்துக்குள் திரும்பவும் இங்கிலாந்து போய், மேரியின் ஊரான ஸ்டஃபர்ட்டில் குடியேறினார்.

படிக்கப் போன ஓவியர் குடியேறியாகியது இந்த இரண்டாம் பயணத்தில்தான். ஸ்டஃபர்ட் இலண்டன் அல்ல. கலைக்கூடங்களும் விமர்சகர்களும் உள்ள இடமல்ல. மத்திய இங்கிலாந்தின் ஒரு சிறு நகரம். அங்கே பாடசாலையில் சித்திர ஆசிரியராகச் சேர்ந்தார். அதற்குப் பின் சாகும்வரை, இருபது வருடங்களுக்கும் மேலாக, ஆசிரியத் தொழிலும் ஓவியமுமாகவே காலம் போனது.

பாடசாலை ஆசிரியனின் மாலை நேரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொப்பிக் கட்டு ஒரு பக்கம், மறுநாள் பாடக்குறிப்பு மறுபக்கம். மிச்சம் இருக்கிற இரண்டு மணித்தியாலத்தில் உடம்பு நித்திரை கேட்கும். அந்த நேரத்தை அவர் எடுத்துக்கொண்டார். கேட்பதற்கு ஆளில்லை, வாங்குவதற்கு வரிசையில்லை. இருந்தும் 1960களில் சதுரங்களும் வட்டங்களுமாகத் தொடர் தொடராக வரைந்தார். 1963 இல் வரைந்த ஓர் ஓவியத்தின் பெயரே 'சிவப்பிலும் பச்சையிலும் ஓர் அமைப்பு, சதுரங்களும் வட்டங்களும்' என்பதுதான். ஒரு வட்டமும் ஒரு சதுரமும் தரும் ஒரே சிக்கலைத் தீர்க்க ஓர் ஆயுள் காணாது என்ற கருத்தில் அவர் சொன்னதும் உண்டு. இதைச் சலிப்பு என்று வாசிக்கலாம். எனக்கு அது தஸ்பீஹ் மணி உருட்டுகிறவரின் பொறுமை போலத் தெரிகிறது. ஒரே சொல், ஆனால் நூறாவது முறை சொல்லும்போது முதல் முறை சொன்ன அதே சொல்லாக அது இருப்பதில்லை.

மீம்

அந்தக் காலத்தில் அவர் வரைந்த தொடர்களில் ஒன்றின் பெயர் 'மீம்'. குர்ஆன் மத்ரஸாவில் இருந்த எவருக்கும் அந்த எழுத்தை விளக்க வேண்டியதில்லை. சின்னத் தலை, கீழே இறங்கும் வால். நபி (ஸல்) அவர்களின் திருநாமத்தின் முதல் எழுத்து. எங்கட முன்னோர் அரபுத் தமிழில் எழுதிய கிரந்தங்களிலும் அதே மீம்தான்.

ஷெம்ஸாவின் மீம் ஓதுவதற்குரியதல்ல. அந்த எழுத்தின் வட்டத்தையும் வளைவையும் எடுத்துப் படத்தின் அடிப்படை ஆக்கிவிட்டார். வாசிக்கப் போனால் வாசிக்க வராது. பார்த்துக்கொண்டிருந்தால் எங்கோ பழகிய எழுத்துப் போலவும் இருக்கும். இங்கிலாந்தில் பார்த்தவர்களுக்கு அது வெறும் அழகிய வடிவம். அரபு எழுத்து அறிந்தவர்களுக்கு வாசிக்கத் தொடங்கி நின்றுபோன ஒரு சொல். இரண்டு பேருக்கும் முழுசாகக் கைக்கு வராத ஒன்றாக அது இருக்கிறது. வேற்று நாட்டில் வாழ்கிறவரின் மொழியும் அப்படித்தானே! வீட்டுக்குள் ஒரு பாஷை, வெளியில் இன்னொரு பாஷை. இரண்டிலும் சொல்ல முடியாமல் தொண்டையில் நிற்கும் மிச்சம் ஒன்று.

உருவம் வரைதல் பற்றிய மார்க்க விவாதத்துக்குள் நான் இங்கே நுழையவில்லை. அது ஆலிம்கள் பேச வேண்டியது. அவர்களுக்குள்ளும் பல கருத்துகள் உண்டு. நான் சொல்ல வருவது வேறு. உருவத்தைத் தவிர்ப்பதால் முஸ்லிம்களுக்குக் கலையில் ஏதோ குறைந்துபோனது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், நம்மில் பலரும் நம்புகிறோம். உருவத்தைத் தவிர்த்த இடத்தில் எழுத்தும் வடிவியலும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஷெம்ஸா ஓர் அத்தாட்சி. ஐரோப்பா அருவ ஓவியத்தைப் புதிதாகக் கண்டுபிடித்ததாகக் கொண்டாடிய நூற்றாண்டில், அது தன் குடும்பத்துக் கம்பளத்தில் ஏற்கெனவே இருந்தது என்று அவர் கண்டுகொண்டார்.

வேர்கள்

1970களின் பிற்பகுதியில் தொடங்கிச் சாகும்வரை வரைந்த தொடர் 'வேர்கள்'. இவை அளவில் சிறியவை. படத்தின் மேல்பாதியில் ஒரு செடி. இலையும் பூவும் கம்பளப் பூவேலை போல ஒழுங்காக, இரு பக்கமும் ஒத்து நிற்கும். கீழ்ப்பாதியில் வேர்கள். அந்த வேர்கள் எழுத்துகள் போல ஓடுகின்றன. மண்ணுக்குக் கீழே யாரோ ஒரு நீண்ட கடிதம் எழுதி வைத்தது போல இருக்கும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த வேர்கள் எந்த மண்ணிலும் ஊன்றி நிற்பதாக வரையப்படவில்லை. செடி முழுசாகப் பிடுங்கி எடுக்கப்பட்டது போல, வேர் நுனி வரை வெளியே தெரிகிறது. பிடுங்கிய செடிக்குத்தான் வேர் கண்ணுக்குத் தெரியும். ஊரிலேயே நிற்கும் மரத்துக்கு வேர் எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஷெம்ஸா லாகூரிலேயே இருந்திருந்தால் கம்பளத்தையும் மீமையும் இப்படி உற்றுப் பார்த்திருப்பாரா? பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்காகப் புலம்பெயர்வு நல்லது என்று சொல்லவும் மனம் வரவில்லை. பிடுங்கிய செடிக்கு வலி உண்டு. சொந்த மண்ணைவிட்டு ஒரே நாளில் வெளியேற நேர்ந்த குடும்பங்கள் உள்ள நம் சமூகத்துக்கு அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1985 ஜனவரியில், ஐம்பத்தாறாவது வயதில், ஸ்டஃபர்ட்டில் ஷெம்ஸா மௌத்தானார். பாகிஸ்தானில் தன் படங்களைக் காட்சிக்கு வைக்கும் ஏற்பாட்டில் இருந்த நேரம் அது. 'வேர்கள்' அந்த நாட்டுக்குப் போனபோது வரைந்தவர் இல்லை.

பிறகு

1989 இல் இலண்டன் ஹேவார்ட் கலைக்கூடத்தில் 'மற்றக் கதை' என்று பொருள்படும் பெயரில் ஒரு கண்காட்சி நடந்தது. ஏற்பாடு செய்தவர் கராச்சியில் பிறந்து 1964 இல் இலண்டன் வந்த ஓவியர் ரஷீத் அராயீன். ஆசியா, ஆபிரிக்கா, கரீபியன் நாடுகளில் வேர்கொண்டு பிரித்தானியாவில் வாழ்ந்த கலைஞர்களை, பிரித்தானியக் கலை வரலாறு எழுதாமல் விட்டுவிட்டது என்பது அவருடைய வாதம். இருபத்துநான்கு கலைஞர்களின் படைப்புகள் வைக்கப்பட்டன. ஷெம்ஸாவும் அதில் ஒருவர்.

நமக்கு அக்கறையான இன்னொரு பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. கொழும்பில் 1943 இல் தொடங்கிய '43 குழுவின் உறுப்பினரும், திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சகோதரருமான ஐவன் பீரிஸ். அவரும் 1950களில் இங்கிலாந்தில் குடியேறி, கடலோர ஊரான சவுத்எண்டில் வாழ்ந்து 1988 இல் இறந்தவர். அவர் இலங்கையின் கடற்கரையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஷெம்ஸா ஒரு கடற்கரையையும் ஒரு வயலையும் வரையாமல் வட்டத்தையும் சதுரத்தையும் வரைந்தார். ஊரை நினைக்க ஒரே வழிதான் உண்டு என்றில்லை. இரண்டு பேரின் படங்களும் ஒரே கூரையின் கீழ் வந்தபோது இருவருமே உயிரோடு இல்லை.

கம்பளத்தையும் எழுத்தையும் வைத்து ஷெம்ஸா செய்ததை முஸ்லிம் தென்னாசியாவின் நவீன ஓவிய வரலாற்றுக்குள் வைத்து விரிவாக ஆராய்ந்தவர் இஃப்திகார் தாதி. அவருடைய நூல் 2010 இல் வெளிவந்தது. 2015 இல் டேட் பிரிட்டன் கலைக்கூடம் ஷெம்ஸாவுக்கெனத் தனிக் காட்சி வைத்தது. அங்கீகாரம் வந்தது, வரும்போது முப்பது வருடம் பிந்திவிட்டது.

கொம்பிரிச்சும் அந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அலங்காரக் கலைகளுக்கென்றே 'ஒழுங்கின் உணர்வு' என்று பொருள்படும் பெரிய நூலொன்றை 1979 இல் வெளியிட்டார். மனிதன் ஏன் கோலம் போடுகிறான், ஏன் திரும்பத் திரும்ப ஒரே வடிவத்தை அடுக்குகிறான் என்ற ஆராய்ச்சி அது. அந்த விரிவுரையிலிருந்து இடையில் எழும்பிப் போன மாணவர், அதே நேரத்தில் ஸ்டஃபர்ட்டில் இருந்து வேர்களை வரைந்துகொண்டிருந்தார்.

நமக்கு

எங்கட பாடசாலைகளில் சித்திர பாடம் எடுக்கத் தயங்கும் முஸ்லிம் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். 'அது எங்கட பாடம் இல்ல சேர்' என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். கெட்டிக்காரப் பிள்ளை. அவளுடைய உம்மம்மா பன்பாய் இழைப்பதில் பெயர் எடுத்தவர். நிறம் போட்ட பன்னைக் கணக்குப் பிசகாமல் மாற்றி மாற்றிக் கோத்து, நடுவில் வைரவடிவமும் ஓரத்தில் கரையும் விழச் செய்வார். தாளில் வரைந்து பார்ப்பதில்லை. எல்லாம் விரல் நினைவு. அந்தப் பாயில் உட்கார்ந்துதான் அந்தப் பிள்ளை ஓதியும் படித்தும் வளர்ந்தாள். அது சித்திரம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பயன்படும் சாமான் கலையாகாது என்ற தீர்ப்பு, இலண்டன் மண்டபத்திலிருந்து கிழக்கிலங்கை வகுப்பறை வரைக்கும் எவ்வளவு அமைதியாக வந்து சேர்ந்திருக்கிறது!

இந்தத் தீர்ப்பை மாற்ற நாம் யாரிடமும் வழக்குப் போக வேண்டியதில்லை. ஷெம்ஸா பேராசிரியருக்கு மறுப்புக் கட்டுரை எழுதி நேரத்தைச் செலவிடவில்லை. கம்பளத்தின் முன்னால் போய் நின்று, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கண் கொண்டு பார்த்தார். நாமும் அதைச் செய்யலாம். ஊரில் மிஞ்சியிருக்கும் பழைய பாய்கள், மருதமுனைக் கைத்தறியின் கரை வேலைகள், பழைய பள்ளிவாசல்களின் மரச்செதுக்கல்கள், அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளின் ஓர அலங்காரங்கள் ஆகியவற்றை வடிவம் வடிவமாகப் படம் எடுத்து, இழைத்தவரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் குறித்து வைக்க வேண்டும். மக்ஸூத் தன் கம்பளத்தின் ஓரத்தில் பெயரையும் ஆண்டையும் தானே நெய்துவிட்டார். எங்கட உம்மம்மாமார் அப்படி நெய்யவில்லை. அவர்களுக்காக நாம்தான் அதை எழுத வேண்டும். அதுவும் அவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே.